ஐயாவின் கணக்கில் வராத ஒரு பங்கு: நான் கற்றுக்கொள்கிறேனா, ஆசைப்படுகிறேனா?

பென்சில்கோடு எழுதியது:

வணக்கம். கேள்வி கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எனக்கு 27 வயது. பங்கு வாங்கத் தொடங்கி மூன்று ஆண்டுகள் ஆகின்றன. இந்த மூன்று ஆண்டும் எனக்குச் சொல்லித் தந்தவர் ஒருவர்தான். என் அலுவலகத்தில் கணக்குத் தணிக்கை பார்த்து ஓய்வு பெற்றவர். ஐயா என்று கூப்பிடுவேன். இதுவரை ஒரு பங்கைக்கூட அவர் என்னை வாங்கச் சொன்னதில்லை. படிக்க மட்டும்தான் சொல்லிக் கொடுத்தார்.

ஆண்டறிக்கையைப் பின்னாலிருந்து படிக்க வேண்டும் என்பது அவர் வைத்த முதல் விதி. முதலில் கணக்குக் குறிப்புகள். நிறுவனம் யாருக்கு ஜாமீன் நின்றிருக்கிறது, எந்த வழக்கில் சிக்கியிருக்கிறது, முதலாளியின் சொந்தக்காரர் நிறுவனங்களோடு என்ன கொடுக்கல் வாங்கல் நடக்கிறது என்பதெல்லாம் அங்கேதான் கிடக்கும். அப்புறம் தணிக்கையாளர் கருத்து, பணப்புழக்க அறிக்கை, பேலன்ஸ் ஷீட். லாப நட்டக் கணக்கு அதற்கும் பிறகு. தலைவரின் கடிதத்தைக் கடைசியில், நேரம் மிச்சமிருந்தால் படிக்கலாம்.

இரண்டாவது விதி: "விலையைப் பார்க்காதே." அறிக்கையைப் படித்து முடித்ததும், மொத்த நிறுவனத்தையும் வாங்குவதாக இருந்தால் எவ்வளவு கொடுப்பேன் என்று நோட்டில் பென்சிலால் ஒரு எண் எழுத வேண்டும். அதற்குப் பிறகுதான் சந்தை விலையைப் பார்க்கலாம். ஏன் பென்சில் என்று ஒருமுறை கேட்டேன். "மனசு மாறினால் அழிக்கலாம். ஆனால் அழித்த தடம் தாளில் இருக்கும், நீ மாறினாய் என்று உனக்கே தெரியும்" என்றார்.

எண்ணை எப்படி எழுதுவது? கையில் இருக்கும் ரொக்கத்துக்கு முழு மதிப்பு. வர வேண்டிய பாக்கிக்கு நூற்றுக்கு 80. சரக்குக்கு மூன்றில் இரண்டு பங்கு. கட்டடம், இயந்திரம் எல்லாவற்றுக்கும் சேர்த்து நூற்றுக்கு 15. இதைக் கூட்டி, கடன்கள் அத்தனையையும் கழித்த பிறகு மிஞ்சுவதைவிடக் குறைவான விலைக்குக் கிடைத்தால் யோசிக்கலாம். இல்லையென்றால் அடுத்த அறிக்கை. இதெல்லாம் பெஞ்சமின் கிரஹாம் என்ற அமெரிக்க முதலீட்டாளர் 1934-லேயே எழுதி வைத்த கணக்கு என்று பின்னால்தான் தெரிந்துகொண்டேன். ஐயா தன் கண்டுபிடிப்பு என்று ஒருநாளும் சொன்னதில்லை.

இப்போது பிரச்சினைக்கு வருகிறேன். இந்த வழியில் ஆறு பங்குகள் வாங்கினேன். இரண்டு நன்றாக ஏறின. மூன்று அசையவே இல்லை. ஒன்றில் பாதிப் பணம் போய்விட்டது. மலிவாகத் தெரிந்த சரக்கு, உண்மையில் யாரும் வாங்காமல் கிடங்கில் கிடந்த பழைய சரக்கு.

இதற்கிடையில் வேறொரு நிறுவனத்தை இரண்டு ஆண்டுகளாகப் பார்த்து வருகிறேன். கடனே இல்லை. பங்குதாரர் மூலதனத்தில் ஆண்டுக்கு 24 சதவீதம் சம்பாதிக்கிறது. விற்ற சரக்குக்குப் பணம் நாள் தவறாமல் வந்துவிடுகிறது. ஆனால் விலை, புத்தக மதிப்பைப் போல, அதாவது கணக்கில் காட்டிய சொத்தில் கடனைக் கழித்தால் மிஞ்சுவதைப் போல, நான்கு மடங்கு. ஐயாவிடம் பேச்சை எடுத்தேன். நான்கு மடங்கு என்றதுமே "அது நம்ம கணக்கில் வராதும்மா" என்று சொல்லி, அடுத்த அறிக்கையை எடுக்கச் சொல்லிவிட்டார்.

ஒன்றரை ஆண்டாக ஐயாவுக்குக் கண் பார்வை மங்கிக்கொண்டே வருகிறது. ஞாயிறுதோறும் நான் வாசிக்கிறேன், அவர் கேட்கிறார். அவருக்குத் தெரியாமல் அந்தப் பங்கை வாங்கிவிட்டு அடுத்த ஞாயிறு அவர் எதிரில் உட்கார்ந்து வாசிக்க என்னால் முடியாது. அதே நேரம், அவர் சொன்னார் என்பதற்காக மட்டும் விட்டுவிடவும் மனம் வரவில்லை.

கேள்வி இதுதான். குருவின் அளவுகோலைத் தாண்டிப் போக நினைப்பது நான் வளர்ந்ததாலா? அல்லது ஏறிக்கொண்டே போகும் ஒரு பங்கின் மேல் ஆசை வந்து, அதற்குக் கற்றல் என்று பெயர் வைக்கிறேனா? இதை எப்படித் தெரிந்துகொள்வது?

மூன்றாம்பேரேடு எழுதியது:

உன் பதிவை இரண்டு முறை படித்தேன்மா. எனக்கும் இப்படி ஒருவர் இருந்தார், இப்போது இல்லை. அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

உன் ஐயாவிடம் நீ கேட்க வேண்டிய கேள்வி வேறு ஒன்று என்று எனக்குத் தோன்றுகிறது. "இந்தப் பங்கை வாங்கலாமா" என்று கேட்டால் கணக்கில் வராது என்றுதான் சொல்வார். "இந்த விதியை உங்களுக்கு எது கற்றுத் தந்தது" என்று கேட்டுப் பார். முதலீட்டில் ஒருவர் வைத்திருக்கும் ஒவ்வொரு விதிக்குப் பின்னாலும் அவர் இழந்த பணம் ஒன்று இருக்கும். விதியை மட்டும் வாங்கிக்கொண்டு அந்த இழப்பைக் கேட்காமல் விட்டால், அது எங்கே பொருந்தும், எங்கே பொருந்தாது என்று தெரியவே தெரியாது.

கிரஹாமையே எடுத்துக்கொள். அவர் சிறுவனாக இருந்தபோது அப்பா இறந்துவிட்டார். 1907-ல் வந்த சந்தைப் பீதியில் அம்மா பங்குகளில் போட்டிருந்த பணம் போனது. பிறகு அவரே பெரிய ஆளாகி அடுத்தவர் பணத்தை நிர்வகித்துக்கொண்டிருந்தபோது 1929 வந்தது. அமெரிக்காவின் டவ் ஜோன்ஸ் குறியீடு அந்த ஆண்டு செப்டம்பரில் 381-ல் இருந்தது. 1932 ஜூலையில் 41. அந்த நான்கு ஆண்டுகளில் கிரஹாமின் நிதி நூற்றுக்கு 70 வரை இழந்தது. பழைய உச்சத்தைச் சந்தை மறுபடி தொட்டது 1954 நவம்பரில்தான், 25 ஆண்டுகள் கழித்து.

1934-ல் அவர் எழுதிய கணக்கை இந்த வெளிச்சத்தில் படித்துப் பார். நிறுவனம் நாளைக்கே கதவை மூடினால் என்ன தேறும் என்று ஒரு மனிதர் ஏன் எண்ணுகிறார்? சுற்றிலும் கதவுகள் மூடிக்கொண்டிருந்தன. இயந்திரத்துக்கு நூற்றுக்கு 15 என்றால், அன்று வாங்க ஆளில்லாமல் கிடந்த இயந்திரங்களைப் பார்த்து எழுதிய எண் அது.

அதற்காக அந்தக் கணக்கு பயந்தவன் கணக்கு என்று நினைத்துவிடாதே. 1926-ல் கிரஹாம் வாஷிங்டனுக்குப் போய், அரசு ஆணையத்திடம் எண்ணெய்க் குழாய் நிறுவனங்கள் கொடுத்திருந்த அறிக்கைகளை உட்கார்ந்து படித்தார். நார்தர்ன் பைப்லைன் என்ற நிறுவனத்தின் பங்கு 65 டாலருக்கு விற்றுக்கொண்டிருந்தது. பங்கு ஒன்றுக்கு 95 டாலர் மதிப்புள்ள ரயில்வே பத்திரங்கள் அதன் பெட்டியில் சும்மா இருந்தன. பொதுவெளியில் கிடந்த தாள்தான், புரட்டிப் பார்க்கத்தான் ஆளில்லை. இரண்டு ஆண்டு போராடி, அந்தப் பணத்தைப் பங்குதாரர்களுக்குப் பிரித்துக் கொடுக்க வைத்தார். உன் ஐயா குறிப்புகளிலிருந்து படிக்கச் சொல்கிறாரே, அந்தப் பழக்கத்தின் வேர் இங்கே இருக்கிறது.

இனி சீடன் கதை. வாரன் பஃபெட் 19 வயதில் கிரஹாமின் புத்தகத்தைப் படித்தார். ஹார்வர்டு அவரைச் சேர்த்துக்கொள்ளவில்லை. கிரஹாம் பாடம் எடுத்த கொலம்பியா பல்கலைக்கழகத்துக்குப் போனார். 1951-ல் படிப்பு முடிந்ததும், சம்பளமே வேண்டாம், உங்களிடம் வேலை செய்கிறேன் என்று கேட்டார். கிரஹாம் மறுத்துவிட்டார். மூன்று ஆண்டுகள் விடாமல் தொடர்பில் இருந்து 1954-ல்தான் உள்ளே நுழைந்தார். அதே ஆண்டு பிறந்த மகனுக்கு ஹோவர்ட் கிரஹாம் என்று பெயர் வைத்தார். அவ்வளவு பக்தி.

அவ்வளவு பக்தி இருந்தும் 1951-லேயே குரு பேச்சை மீறியிருக்கிறார். சந்தை உயரத்தில் இருக்கிறது, இப்போது தொடங்காதே என்று கிரஹாமும் சொன்னார், பஃபெட்டின் அப்பாவும் சொன்னார். அவர் உலகத்தில் அதிகம் மதித்த இரண்டு பேர். அவர் கேட்கவில்லை. அப்போது கையில் இருந்தது ஏறத்தாழ பத்தாயிரம் டாலர். அன்று கேட்டிருந்தால் இன்றும் அந்தப் பத்தாயிரம்தான் இருந்திருக்கும் என்று பின்னாளில் சொன்னார்.

ஆனால் அவர் தாண்டியது கிரஹாமின் கருத்தை. கிரஹாமின் முறையை அப்போது தாண்டவில்லை. 1958-ல் வாங்கிய சான்பார்ன் மேப் அப்படியே குருவின் பாணி. காப்பீட்டு நிறுவனங்களுக்கு வரைபடம் விற்ற நிறுவனம் அது. பங்கு விலை 45 டாலர், பங்கு ஒன்றுக்கு உள்ளே இருந்த முதலீடுகள் 65 டாலர். அதாவது வரைபடத் தொழிலைச் சந்தை மைனஸ் 20 டாலராக மதித்தது. தன் கூட்டு நிதியில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் அதில் போட்டார்.

அடுத்ததுதான் நீ கவனிக்க வேண்டியது, ஏனென்றால் உன் பழைய சரக்கு அனுபவம் இதில் அச்சு அசலாக இருக்கிறது. 1962 டிசம்பரில் பெர்க்‌ஷயர் ஹாத்தவே என்ற ஜவுளி ஆலையின் பங்கை 7.50 டாலருக்கு வாங்கத் தொடங்கினார். நடைமுறை மூலதனமே (ஓராண்டுக்குள் பணமாகும் சொத்தில், ஓராண்டுக்குள் கட்ட வேண்டிய கடனைக் கழித்தது) பங்குக்கு 10.25 டாலர் இருந்தது, புத்தக மதிப்பு 20.20. கிரஹாம் கணக்கில் கச்சிதமாக வரும் பங்கு. 1965-ல் ஆலையே அவர் கைக்கு வந்தது. அதற்குப் பிறகு 20 ஆண்டுகள் அந்த ஜவுளித் தொழிலோடு மல்லுக்கட்டி, 1985-ல் மூடினார். மலிவு விலை ஒருமுறைதான் லாபம் தரும். தொழில் மோசமாக இருந்தால் அது ஒவ்வொரு ஆண்டும் கேட்டு வாங்கும். உன்னைப் போல அவரும் இதைப் பணம் கொடுத்துத்தான் கற்றார்.

1972-ல் சீஸ் கேண்டீஸ் என்ற மிட்டாய் நிறுவனம் விலைக்கு வந்தது. உள்ளே இருந்த சொத்து 80 லட்சம் டாலர், வரிக்கு முன் லாபம் ஆண்டுக்கு ஏறத்தாழ 40 லட்சம். கேட்ட விலை 3 கோடி. பஃபெட் 2.5 கோடிக்கு மேல் ஒரு டாலர் தரமாட்டேன் என்றார். அந்த விலையே சொத்தைப் போல மூன்று மடங்கு. கிரஹாமின் பள்ளியில் யாரும் தொடமாட்டார்கள். அந்த விலைக்கு அவரைச் சம்மதிக்க வைத்ததில் அவருடைய கூட்டாளி சார்லி மங்கருக்குப் பெரிய பங்கு உண்டு. 2007 வரை அந்த நிறுவனம் வரிக்கு முன் மொத்தம் 135 கோடி டாலர் சம்பாதித்தது. அதற்காகக் கூடுதலாகப் போட வேண்டியிருந்த மூலதனம் 3.2 கோடிதான்.

கவனி: பஃபெட் படிப்பை முடித்தது 1951, மிட்டாய் நிறுவனத்தை வாங்கியது 1972. இடையில் 21 ஆண்டுகள். சொத்தைப் பார்ப்பதிலிருந்து சம்பாதிக்கும் திறனைப் பார்ப்பதற்கு மாறினார். ஆனால் விலைக்கு மேலே ஒரு கோடு போட்டு, அதைத் தாண்டினால் எழுந்து போய்விடும் குணம் கிரஹாமிடம் வாங்கியது. 3 கோடிக்குத் தலையாட்டாமல் 2.5 கோடியில் நின்றது அந்தக் குணம்தான்.

முதலில் ஐயாவின் இழப்பைக் கேள். பிறகு பேசுவோம்.

மெதுநடை எழுதியது:

பெரியவர் நன்றாக எழுதியிருக்கிறார், ஆனால் எனக்கு ஒப்புதல் இல்லை. எல்லோரும் பஃபெட் கதையையே சொல்கிறோம், ஏனென்றால் அவர் மாறினார், பெரும் பணக்காரர் ஆனார். மாறாமலே ஜெயித்த சீடனும் உண்டு.

வால்டர் ஷ்லாஸ் கல்லூரிக்கே போகாதவர். கிரஹாமின் மாலை வகுப்பில் படித்தார், அவரிடம் வேலை பார்த்தார், 1955-ல் தனியாகத் தொடங்கினார். அப்புறம் நாற்பது ஆண்டுகளுக்கு மேல் அதே கணக்கு. சிறிய அலுவலகம், பின்னாளில் துணைக்கு மகன். நிறுவனத் தலைவர்களைத் தேடிப் போய்ப் பார்ப்பதில்லை, அறிக்கைதான். நூறு பங்குகள் வரை கையில் வைத்திருப்பார். பஃபெட் 1984-ல் கொலம்பியாவில் கிரஹாமின் சீடர்களைப் பற்றிப் பேசியபோது முதலில் எடுத்துக்காட்டியவர்களில் ஷ்லாஸ் ஒருவர். தனக்கு எது வரும், எது வராது என்று தெரிந்து அதிலேயே நின்றவர்.

இன்னொன்று. ஆறு பங்கை வைத்து அந்த முறையை எடைபோடுகிறீர்கள். அது நியாயமே இல்லை. கிரஹாம் இந்தக் கணக்கை ஒவ்வொரு பங்குக்கும் தனித்தனியாக உத்தரவாதம் தரும் கணக்காக நினைக்கவில்லை. கூட்டமாக வாங்கினால்தான் வேலை செய்யும், குறைந்தது 30 என்றார். ஆறில் ஒன்று அழுகுவது, மூன்று தூங்குவது, இரண்டு ஓடுவது எல்லாம் இந்த முறையில் சாதாரணம். உங்கள் ஐயா இதைச் சொல்லவில்லை என்றால் கேளுங்கள்.

ஒரு முறையின் வறண்ட காலத்தில்தான் இன்னொரு முறை அழகாகத் தெரியும். உங்கள் மூன்று பங்குகள் தூங்கிக்கொண்டிருக்கும்போது அந்த நான்கு மடங்குப் பங்கு ஏறிக்கொண்டிருக்கிறது. அது இறங்கியிருந்தால் இந்தக் கேள்வியைக் கேட்டிருப்பீர்களா? இதை மட்டும் நேர்மையாக யோசியுங்கள். மூன்று ஆண்டு போதாது என்பது என் கருத்து.

பென்சில்கோடு எழுதியது:

இருவருக்கும் நன்றி. மெதுநடை கேட்டது வலித்தது, ஏனென்றால் பதில் எனக்குத் தெரியவில்லை. இரண்டு ஆண்டுக்கு முன் நான் பார்க்கத் தொடங்கியபோது இருந்ததைவிட விலை இப்போது நூற்றுக்கு 40 கூடுதல். இறங்கியிருந்தால் ஒருவேளை மறந்திருப்பேன்.

30 பங்கு விஷயத்தை ஐயா சொல்லியிருந்தார். என்னிடம் அத்தனைக்குப் பணமும் இல்லை, அத்தனை அறிக்கை படிக்க நேரமும் இல்லை. அதனால் ஆறோடு நின்றேன். அது என் குறை.

பேரேடு ஐயா, நீங்கள் சொன்னபடி நேற்று என் ஐயாவிடம் கேட்டேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். இளம் வயதில், எல்லோரும் புகழ்ந்த, வேகமாக வளர்ந்துகொண்டிருந்த ஒரு நிறுவனத்தில் ஒன்பது ஆண்டுச் சேமிப்பைப் போட்டாராம். ஆண்டுதோறும் லாபம் கூடிக்கொண்டே போனது. ஆனால் வர வேண்டிய பாக்கி அதைவிட வேகமாகக் கூடியது. பெட்டிக்குப் பணம் வரவே இல்லை. விற்பனை என்று எழுதியதில் பாதி, சொந்தக்காரர் நிறுவனங்களுக்கு எழுதிய வெறும் பில். எல்லாமே கணக்குக் குறிப்புகளில் சின்ன எழுத்தில் இருந்ததாம். "நான் தணிக்கை படித்தவன். ஆனால் முன்பக்கத்தோடு நிறுத்திக்கொண்டேன்" என்றார். மூன்று ஆண்டில் இதை ஒருமுறைகூட அவர் சொன்னதில்லை.

மூன்றாம்பேரேடு எழுதியது:

அப்படியென்றால் உன் ஐயாவின் காயம் வளர்ச்சியால் வந்ததில்லை, பொய்க் கணக்கால் வந்தது. இரண்டும் வேறு. பணம் நாள் தவறாமல் வருகிறது என்று நீயே எழுதியிருக்கிறாய். அவர் பயப்படும் இடத்தை நீ ஏற்கெனவே சோதித்துவிட்டாய், அவர் கற்றுத் தந்த முறையிலேயே.

ஷ்லாஸ் பற்றி மெதுநடை சொன்னது முழுக்க உண்மை, நான் விட்டிருக்கக் கூடாது. அதோடு இதையும் சேர்த்துக்கொள்ளலாம். கிரஹாமே ஒருமுறை தன் கோட்டைத் தாண்டியிருக்கிறார். 1948-ல் கெய்கோ என்ற வாகனக் காப்பீட்டு நிறுவனத்தில் பாதியை ஏறத்தாழ 7,12,000 டாலருக்கு வாங்கினார். ஒரே இடத்தில் அவ்வளவு பணம் போடுவது அவர் வழக்கம் இல்லை. மற்ற எல்லா முதலீடுகளிலும் சேர்த்துக் கிடைத்ததைவிட அந்த ஒன்றில் கிடைத்தது அதிகம் என்று பின்னாளில் அவரே எழுதினார்.

சீடன் பஃபெட்டும் அதே நிறுவனத்தில் தவறினார் என்பது இன்னொரு பக்கம். 1951-ல் 10,282 டாலர் போட்டார், 1952-ல் 15,259-க்கு விற்றார், அதைவிட மலிவாகத் தெரிந்த வேறொன்றுக்கு மாற. அடுத்த 20 ஆண்டில் அந்தப் பங்குகளின் மதிப்பு 13 லட்சம் டாலர் ஆனது.

கடைசிப்பக்கம் எழுதியது:

தங்கச்சி, பெரியவர்கள் வரலாறு சொல்லிவிட்டார்கள். நான் என் கதையைச் சுருக்கமாகச் சொல்லி, கணக்குக்கு வருகிறேன்.

எனக்கும் ஒருவர் சொல்லித் தந்தார். வித்தியாசம் என்னவென்றால், அவர் என்ன வாங்கினார் என்று சொல்வார், ஏன் என்று சொல்லமாட்டார். நானும் கேட்கமாட்டேன். நாலு வருடம் அவர் வாங்கியதையே வாங்கினேன். ஒருநாள் அவர் விற்றுவிட்டார், எனக்குச் சொல்ல மறந்துவிட்டார். எட்டு மாதம் கழித்துத் தெரிந்தபோது விலை மூன்றில் ஒன்றாகியிருந்தது. அவர் மேல் கோபம் வந்தது, இப்போது இல்லை. ஏன் வாங்கினேன் என்று எனக்கே தெரியாத ஒன்றை எப்போது விற்பது என்று எனக்கு எப்படித் தெரிந்திருக்கும்? உனக்கு ஒருவர் பங்கின் பெயரைச் சொல்லாமல் படிக்க மட்டும் கற்றுக் கொடுத்திருக்கிறார். அதன் அருமை எனக்குத் தெரியும்.

இப்போது கணக்கு. புத்தக மதிப்பு 25, விலை 100 என்று வை. 25-ல் 24 சதவீதம் என்றால் லாபம் 6. அதாவது நீ கொடுக்கும் 100-க்கு ஆண்டுக்கு 6 சம்பாதிக்கிறது. அதில் பாதியை டிவிடெண்டாக, அதாவது பங்குதாரருக்குத் தரும் லாபப் பங்காகக் கொடுத்து, பாதியைத் தொழிலில் திரும்பப் போடுகிறது என்று வைத்துக்கொள்வோம். திரும்பப் போட்ட பணமும் 24 சதவீதமே சம்பாதித்தால் லாபம் ஆண்டுக்கு 12 சதவீதம் வளரும். டிவிடெண்ட் 3 சேர்த்து உனக்கு 15 போல வரும். சந்தோஷம்.

புதிதாகப் போடும் பணம் 12 சதவீதம்தான் சம்பாதிக்கிறது என்றால்? வளர்ச்சி 6, டிவிடெண்ட் 3, மொத்தம் 9 ஆகிவிடும்.

அடுத்து, இன்று லாபத்தைப் போல ஏறத்தாழ 17 மடங்கு விலை கொடுக்கிறார்கள். ஐந்து ஆண்டில் சந்தை மனம் மாறி 10 மடங்குதான் தருவேன் என்றால், அதனால் மட்டும் ஆண்டுக்குப் பத்து சதவீதம் போல உன்னிடமிருந்து போகும். 15 என்று நினைத்தது 4, 5-ல் வந்து நிற்கும். தொழில் ஒரு தப்பும் செய்யாமலே.

ஆகவே நீ வாங்குவது 24 என்ற எண்ணை இல்லை. இனி போடப்போகும் பணம் எவ்வளவு சம்பாதிக்கும் என்ற உன் நம்பிக்கையை. அதற்கு உன்னிடம் என்ன ஆதாரம்? கடந்த ஐந்து ஆண்டில் கூடிய லாபத்தை, அதே ஐந்து ஆண்டில் உள்ளே போட்ட கூடுதல் மூலதனத்தால் வகுத்துப் பார். அது 24-க்குப் பக்கத்தில் வந்தால் ஒரு பேச்சு, 12-க்குப் பக்கத்தில் வந்தால் வேறு பேச்சு.

ஒன்று கேட்கிறேன். இந்தப் பங்குக்கு நீ பென்சிலால் எண் எழுதினாயா? விலையைப் பார்ப்பதற்கு முன்னாலேயா?

பென்சில்கோடு எழுதியது:

இல்லை அக்கா. இந்த ஒரு நிறுவனத்துக்கு மட்டும் விலை தெரிந்த பிறகுதான் அறிக்கையைத் திறந்தேன். பிறகு எழுதிய எண், சந்தை விலை 100 என்றால் 110. இரண்டு ஆண்டில் இரண்டு முறை அழித்து எழுதியிருக்கிறேன். இரண்டு முறையும் மேலே போயிருக்கிறது, விலை மேலே போனதற்குப் பிறகு. நீங்கள் கேட்கும் வரை அந்தத் தடத்தை நான் பார்க்கவே இல்லை.

ஞாயிறு போய் வந்து எழுதுகிறேன்.

பென்சில்கோடு எழுதியது:

போய் வந்தேன்.

பெயரைச் சொல்லாமல், விலையைச் சொல்லாமல் வாசித்தேன். குறிப்புகளிலிருந்து தொடங்கினேன். பாக்கிகள் பற்றிய குறிப்பை மூன்று முறை வாசிக்கச் சொன்னார். சொந்தக்காரர் நிறுவனங்களோடு ஏதாவது உண்டா என்று கேட்டார். இயக்குநர்களின் சம்பளத்தைத் தவிர எதுவும் இல்லை என்றேன். அதை நம்பாமல் மறுபடி வாசிக்கச் சொன்னார். பணப்புழக்கம் ஐந்து ஆண்டுக்கும் வாசித்தேன். பாதியிலேயே எந்த நிறுவனம் என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. "அன்னைக்குச் சொன்னியே, அதுதானே?" என்றார். ஆமாம் என்றேன். "சரி, விலையைச் சொல்லாதே" என்றார்.

கடைசிப்பக்கம் அக்கா சொன்ன வகுத்தலையும் செய்து சொன்னேன். கூடிய மூலதனத்தில் 19 சதவீதம் வந்தது. கண்ணை மூடிக்கொண்டு நெடுநேரம் உட்கார்ந்திருந்தார். விரலால் நாற்காலிக் கையில் என்னவோ எழுதினார். அப்புறம் ஒரு எண் சொன்னார். சந்தை விலை 100 என்றால் அவர் சொன்னது 72.

எனக்குப் பேச்சு வரவில்லை. 72 என்றால் புத்தக மதிப்பைப் போல மூன்று மடங்குக்குக் கொஞ்சம் குறைவு. இயந்திரத்துக்கு நூற்றுக்கு 15 போடுகிறவர் சொன்ன எண் அது. "எப்படி ஐயா?" என்று கேட்டேன். "பணம் வருதும்மா. வருகிற பணத்துக்கு விலை உண்டு. அன்னைக்கு நீ நாலு மடங்குன்னு விலையை முதலில் சொன்னே, நான் கதவைச் சாத்திட்டேன்" என்றார்.

என் 110-ஐச் சொன்னேன், அழித்த தடத்தையும் சொன்னேன். கோபப்படவில்லை. இரண்டு எண்களுக்கும் நடுவில் 38 எங்கிருந்து வந்தது என்று வரி வரியாகக் கேட்டார். பாதிக்கு மேல், புதிய பணமும் 24 சதவீதம் சம்பாதிக்கும் என்று நான் எழுதிய ஒரே வரியில் இருந்தது. அவர் 15 என்று வைத்திருந்தார். 19 வந்திருக்கிறதே என்றேன். "வந்தது 19. வரப்போவது எனக்குத் தெரியாது. தெரியாத இடத்தில் நான் குறைத்துத்தான் போடுவேன், நீ வேணும்னா 17 போடு" என்றார். 17 போட்டால் 80-க்குப் பக்கத்தில் வருகிறது.

வாங்கவில்லை. நோட்டில் 110-க்குக் கீழே 80 என்று எழுதியிருக்கிறேன், பக்கத்தில் அவருடைய 72. கிளம்பும்போது, அந்த நிறுவனத்தின் அடுத்த ஆண்டறிக்கை எப்போது வரும் என்று அவராகவே கேட்டார்.

மெதுநடை எழுதியது:

80-க்கு வந்தால் வாங்குவீர்களா, 72-க்குக் காத்திருப்பீர்களா?

பென்சில்கோடு எழுதியது:

80-க்கு வந்தால் பாதி. அதையும் அவரிடம் சொல்லிவிட்டேன். "உன் பணம், உன் எண்" என்றார்.